அப்பாவிடமிருந்து வண்டிச் சாவியை எப்போது வாங்குவது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் உங்கள் வீடு. அப்பாவுக்கு 76 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் ஒரு ஆல்டோவும் ஒரு ஸ்கூட்டரும் நிற்கின்றன. நீங்கள் கோயம்புத்தூரில், தம்பி குவைத்தில். மூன்று மாதத்துக்குள் கார் இரண்டு தடவை கேட் தூணில் உரசிவிட்டது. "இவரு கூட வண்டியில ஏறவே பயமா இருக்கு" என்று அம்மா போனில் சொல்கிறார். அப்பாவோ, "50 வருஷமா ஓட்டுதேன், ஒரு கேஸ் உண்டா?" என்கிறார். நிறுத்தச் சொல்லலாமா, சொல்வதென்றால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தக்கலையில் 26 வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடமாக இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டு, "ஒரு தடவை எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து போயிட்டு வாங்க சார், ஓட்டலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க" என்பார்கள். நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில், பெற்றவர்கள் மட்டும் ஊரில். அதனால் இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 82 வயதில் அழகாக ஓட்டுகிறவரையும் பார்த்திருக்கிறேன், 61 வயதில் இனி தொடவே கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தவரையும் பார்த்திருக்கிறேன். சட்டமும் சொந்த வண்டி ஓட்டுவதற்கு வயது உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 55 வயது தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கிறார்கள். அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ படிவம் வேண்டும். காலாவதியான ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட்டால் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. உங்கள் அப்பா 73 வயதில் புதுப்பித்திருக்கிறார், 78 வரை செல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 73 வயதில் இருந்த கண்ணுக்கும் காலுக்கும் கொடுத்த சான்று. இன்றைய கண் எப்படி இருக்கிறது என்று அந்த அட்டைக்குத் தெரியாது.

சரி, கேட் தூண் விஷயத்துக்கு வருகிறேன். உரசியது காரின் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கமா, முன் பம்பரா, பின் கதவா? ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் உரசினால் பெரும்பாலும் கழுத்து திரும்பவில்லை, அல்லது கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் போகும்போதே இடது பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப உரசினால் அது எனக்குக் கவலை தரும். அந்தப் பக்கத்தை அவர் கண் பார்க்கவே இல்லாமல் இருக்கலாம். கண்ணில் நீர் அழுத்தம், அதாவது கிளாக்கோமா, வந்தால் பக்கப் பார்வைதான் முதலில் போகும். வலி இருக்காது, எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும், பேப்பர் படிக்கலாம். அதனால் அவருக்கே தெரியாது. சிறிய பக்கவாதம் வந்துபோனவர்களுக்கும் ஒரு பக்கம் கவனத்திலேயே வராமல் போவது உண்டு.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவரோடு காரில் போங்கள். "உங்களைச் சோதிக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். கருங்கலிலிருந்து திங்கள்சந்தை வழியாகத் தக்கலைக்கு, அங்கிருந்து மெயின் ரோட்டில் மார்த்தாண்டம், பிறகு வீடு. பழகிய ரோடும், நெருக்கடியும், பெரிய வண்டிகளும் எல்லாம் அதில் வந்துவிடும். முன் சீட்டில் உட்காருங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், போனைக் கையில் எடுக்காதீர்கள்.

நான் பார்ப்பது இவற்றைத்தான். சந்தி வரும்போது கழுத்து திரும்புகிறதா, தோளோடு உடம்பையே திருப்புகிறாரா, அதுவும் இல்லாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நுழைந்துவிடுகிறாரா. முன்னால் பஸ் நின்றால் பிரேக் எப்போது மிதிக்கிறார். பின்னாலிருந்து ஹார்ன் எத்தனை தடவை வருகிறது, அது எதற்காக வருகிறது என்று அவருக்குப் புரிகிறதா. வளைவில் வண்டி நடுக்கோட்டின் மேல் ஏறுகிறதா. இண்டிகேட்டர் போட்டால் அதை அணைக்கிறாரா. பின் சீட்டில் அம்மா இருந்தால் அவர் காலையும் பாருங்கள். ஓட்டத் தெரியாத அம்மாவின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே வந்தால் அது மாதக் கணக்கில் பார்த்துப் பார்த்து வந்த பயம்.

எல்லாவற்றையும் விட நான் காது கொடுத்துக் கேட்பது ஒரு வாக்கியத்தை. "எங்கேயிருந்து வந்தான் இவன்?" நம் ரோட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவை யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. ஆனால் ஒரே பயணத்தில் மூன்று தடவை வந்தால், அந்தப் பையன்கள் எங்கிருந்தும் திடீரென்று குதித்து வரவில்லை. ரோட்டில்தான் வந்துகொண்டிருந்தார்கள், நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகும். பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதமானால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒன்றரை ஆல்டோ நீளம். ஸ்கூல் விட்ட நேரத்தில் அந்த ஐந்தரை மீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள் நடப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "நான் பைய தானே போறேன்" என்று எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். பைய போவது நல்லதுதான். ஆனால் பார்க்காத ஒன்றின் மேல் பையப் போய் இடித்தாலும் இடிதான்.

ஆனால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், சரிசெய்யக்கூடியதை எல்லாம் சரிசெய்துவிட வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். கண்ணில் புரை இருந்தவரிடம் "வயசாயிட்டு, போதும்" என்று சாவியைப் பிடுங்குவார்கள். ஆறு மாதம் கழித்துப் புரை அறுவை சிகிச்சை செய்ததும் நன்றாகப் பார்ப்பார், மனசு மட்டும் உடைந்து கிடக்கும்.

ஒரு சோதனையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். லைசென்ஸுக்கு நாம் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவத்திலேயே இது இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டு, 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். ஏழு ஆல்டோவை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம். ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, மற்றக் கண்ணை மூடி ஒரு தடவை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்.

இது வாசல் சோதனை மட்டும்தான். கண் டாக்டரிடம் போய்ப் புரை, நீர் அழுத்தம், சர்க்கரை இருந்தால் விழித்திரை, பக்கப் பார்வை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "அப்பா கார் ஓட்டுகிறார், இரவிலும் ஓட்டுகிறார்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படிக்கும் கண்ணாடிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். புரையை எடுத்தால் பார்வை திரும்பும். நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற மட்டும்தான் முடியும்.

கண் பரிசோதனையில் நன்றாக வந்தாலும் வெளிச்சம் மாறும் இடங்களை விட்டுவிடாதீர்கள். 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. குலசேகரம், அருமனைப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். நல்ல வெயிலில் வந்து சட்டென்று ரப்பர்த் தோட்ட நிழலுக்குள் நுழையும்போது நமக்கே ஒரு நொடி இருட்டும். வயதானவர் கண் அந்த இருட்டுக்குப் பழக இன்னும் நேரம் எடுக்கும். அதற்குள் எதிரே சைக்கிளில் வருகிறவர் அவருக்கு வெறும் நிழல். அதேபோல, மாலை ஐந்து மணிக்குத் தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் நோக்கிப் போனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். புரை தொடங்கிய கண்ணில் அந்த வெளிச்சம் சிதறிப் பரவி, முன் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிடும். பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப்பும் இப்படித்தான் மாட்டினார். 2019 ஜனவரியில், 97 வயதில், அவர் ஓட்டிய வண்டி இன்னொரு காரில் மோதிக் கவிழ்ந்தது. அந்தக் காரில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது, ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தாழ்ந்து நின்ற சூரியன் கண்ணைக் கூசச் செய்துவிட்டது என்று அவரே மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார். அடுத்த மாதம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எத்தனை டிரைவர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய மனிதருக்கே அதை விட 97 வயது வரை மனசு வரவில்லை என்றால், உங்கள் அப்பா முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்தது மருந்துப் பை. அதைக் கொட்டிப் பார்த்து, எல்லாச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் கார் எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது! சர்க்கரை இறங்கும்போது முதலில் வியர்க்கும், கை நடுங்கும், பிறகு புத்தி தடுமாறும். தடுமாறும் புத்திக்குத் தான் தடுமாறுவது தெரியாது. பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சொல்லும் கணக்கு நல்ல கணக்கு. ரத்தச் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்ட வேண்டும், 70க்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது. அப்படி இறங்கிவிட்டால், சாப்பிட்டுச் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இவையும் மந்தத்தையோ தலைசுற்றலையோ தரும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றிக் கொடுப்பது டாக்டரின் வேலை.

காலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாள்பட்ட சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போகும், எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்ற உணர்வே மங்கும். செருப்புப் போட்டு ஓட்டுகிறவர் என்றால் அது கழன்று பிரேக்குக்கு அடியில் போகிறதா என்று பாருங்கள், பின்பட்டை உள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். இதோடு சேர்ந்தது தம்பிக்கு ஒரு வார்த்தை. "அப்பாவுக்கு முட்டு வலி, கிளட்ச் மிதிக்க முடியல, ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுப்போம்" என்று நினைக்கலாம். 60 வயதில் வாங்கிக் கொடுத்திருந்தால் சரி. 50 வருடம் கியர் வண்டி ஓட்டிய காலுக்கு 76 வயதில் புதிய பழக்கம் வருவது லேசில்லை. கியர் வண்டியில் கால் தடுமாறினால் பல சமயம் வண்டி ஆஃப் ஆகி நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பாய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போர்ட்டிகோவிலிருந்து கிளம்பிய கார் முற்றத்தைத் தாண்டிக் கிணற்றுச் சுவரில் போய் நின்றது. சுவர் உறுதியாக இருந்ததால் மனிதர் பிழைத்தார்.

இனி, சரிசெய்ய முடியாதவை. வலிப்பு, திடீர் மயக்கம், பெடல் மாறி மிதிப்பது, பழகிய ரோட்டில் வழி தவறுவது. இவற்றில் எது நடந்தாலும் அன்றோடு வண்டியை நிறுத்த வேண்டும். டாக்டர் பார்த்துக் காரணம் கண்டுபிடித்து, ஓட்டலாம் என்று சொன்னால் மட்டும் மறுபடி பேசலாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா தக்கலை ஸ்டாண்டில் 40 வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். டாக்ஸியை விட்ட பிறகும் வீட்டுக் காரை அவர்தான் ஓட்டுவார். ஒரு நாள் இருட்டும் நேரத்தில் குளச்சலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முக்கில் ஒரு பெரிய புளியமரம் நிற்கும். அதைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது. யாரையோ பார்க்கப் போகிறார் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். கொஞ்ச தூரம் போய், ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். "மக்கா, நம்ம முக்கு தாண்டிட்டா?" என்று கேட்டார். "ஆமாப்பா, கொஞ்சம் தாண்டிட்டு" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். இரவு சாப்பிடும்போது இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றே நான் பேசியிருக்க வேண்டும். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதது இல்லை. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதம் போனது. ஒரு சாயங்காலம் சானல்கரை ரோட்டில் சைக்கிளில் வந்த ஒரு பையனைக் கார் தட்டிவிட்டது. நடக்கிற வேகம்தான். பையனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். அவன் விழுந்தது ரோட்டுப் பக்கம். மறுபக்கம் விழுந்திருந்தால் சானலில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கலுங்கு மேல் உட்கார்ந்திருந்தார், பையனின் கையைப் பிடித்துக்கொண்டு. பையன், "ஒண்ணும் இல்ல பாட்டா, ஒண்ணும் இல்ல" என்று அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. அந்த ஐந்து மாதத்துக்கு நான்தான் பொறுப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இப்படிப்பட்ட மறதி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் அம்மாவிடம் கேளுங்கள். சொன்னதையே சொல்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, எப்போதும் போகிற இடத்துக்குப் போய்வர வழக்கத்தை விட நேரமாகிறதா. இருந்தால் முதலில் நரம்பியல் டாக்டர், பிறகுதான் வண்டிப் பேச்சு.

அந்த மாதிரி எதுவும் இல்லை, கண்ணும் சரிசெய்தாகிவிட்டது, ஆனாலும் பழைய மாதிரி இல்லை என்றால் ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நான் முதலில் விடச் சொல்வது ஸ்கூட்டரை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காரை நிறுத்திவிட்டு "பக்கத்துக் கடைக்குத்தானே, ஸ்கூட்டரில் போகட்டும்" என்கிறார்கள். 76 வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தால் இடுப்பெலும்பு. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை, அதுதான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுகிறவர் என்றால் தலையில் சின்ன அடியும் உள்ளே கசிந்து பெரிய ஆபத்தாகும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு போகும் அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். பக்கச் சக்கரம் மாட்டலாமா என்று கேட்பார்கள். அது வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும், பார்வைக்கு உதவாது.

அப்புறம் இரவு. ஆறு மணிக்கு மேல் கார் வேண்டாம். டிம் அடிக்காமல் எல்இடி வெளிச்சத்தோடு வருகிறவர்கள் நடுவில் இளைஞர்களுக்கே கண் கூசுகிறது. பிறகு மழை. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. குளக்கரையிலும் சானல்கரையிலும் எத்தனையோ ரோடுகளுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது, தண்ணீர் தேங்கினால் ரோடு எங்கே முடிகிறது என்று தெரியாது. பிறகு மெயின் ரோடு. மார்த்தாண்டத்தில் 2018இல் மேம்பாலம் வந்த பிறகும் கீழே சந்தைப் பக்கம் நெருக்கடி போகவில்லை. பேங்குக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகட்டும். கடைசியில் மிஞ்சுவது பகலில், வெயிலில், பக்கத்துக் கோவிலுக்கும் கடைக்கும் போகும் நாலைந்து கிலோமீட்டர். அதில் சில வருடம் சந்தோஷமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் அவரோடு உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டும், அதை மட்டும் விடாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. தம்பி குவைத்திலிருந்து வீடியோ காலில் சொல்லக் கூடாது. பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது. "ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்" என்று தொடங்கவே கூடாது. நேரில், அவர் உட்காரும் இடத்தில், அவர் காலைச் சாயா குடித்து முடித்த பிறகு நீங்கள் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "அப்பா, திங்கள்சந்தையில ஒரு பைக் இடது பக்கம் வந்தத நீங்க பாக்கல்ல. எனக்கு உயிரே போயிட்டு." இதற்கு அவரால் எதிர்வாதம் பேச முடியாது.

அவர் ஆசிரியர் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. சில வருடத்துக்கு முன் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் இதே பிரச்சினை. நான் அவரோடு போய்வந்து, முடிவு எதுவும் சொல்லாமல், "சார், ஒரு மாசம் நீங்களே உங்களுக்கு மார்க் போடுங்க" என்று ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்தேன். தேதி, போன இடம், திடுக்கிட்ட இடம். மூன்றாவது வாரம் அவரே ஸ்கூலுக்கு வந்தார், ஆட்டோவில். நோட்டில் பதினொரு பயணம் எழுதியிருந்தது. ஏழுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. ஒன்றின் கீழே "பெண் பிள்ளை, சீருடை, கவனிக்கவில்லை" என்று குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். "ஒரு பையன் இப்படி எழுதியிருந்தா நான் பாஸ் போட்டிருக்க மாட்டேன்" என்றார். பிள்ளைகள் இரண்டு வருடமாகச் சண்டை போட்டும் நடக்காதது அது.

எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள். மறதி நோய் முற்றி, சொன்னது மறந்து மறுபடி சாவியைத் தேடுகிறவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. சாவியை மறைக்கலாம், பேட்டரி இணைப்பைக் கழற்றலாம், காரை வேறு வீட்டில் நிறுத்தலாம். அதில் பாவம் எதுவும் இல்லை. உடலோ மனமோ தகுதியில்லை என்று தெரிந்தும் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆவது பிரிவில் குற்றம், முதல் தடவை 1,000 ரூபாய் அபராதம். நோயால் தகுதியிழந்தவர் என்று நம்பக் காரணம் இருந்தால் லைசென்ஸை ரத்து செய்யவோ, புதிய மருத்துவச் சான்று கேட்கவோ 16ஆவது பிரிவு ஆர்டிஓ அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. டாக்டர் சீட்டோடு எழுதிக் கொடுக்கலாம். உங்கள் பக்கம் டிஎன் 75, அதாவது மார்த்தாண்டம் அலுவலகம். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்வரை அந்த வழிக்குப் போகாதீர்கள், வீட்டில் முகம் பார்த்துப் பேச முடியாமல் போகும்.

இதை எல்லாம் விட முக்கியமானது, சாவியை வாங்கும் முன்னால் அவர் போகிற இடங்களுக்கு வழி செய்வது. நம் பக்கத்தில் ஒரு மனிதர் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? கூடப் படிப்பித்த வாத்தியார் இறந்தார் என்றால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் "வண்டி இல்லை" என்று வீட்டில் உட்கார வைத்தால் அவர் ஒடிந்துவிடுவார். அவரோடு சேர்ந்து அம்மாவும் வீட்டில் அடைபடுவார்.

அதனால் ஒரு தாளில் ஒரு மாதம் அவர் எங்கெல்லாம் போகிறார் என்று எழுதுங்கள். ஞாயிறு பூசை, சந்தை, பேங்க், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, ரப்பர் ஷீட் கொடுக்கும் கடை. ஒவ்வொன்றுக்கும் யார், எதில் என்று பக்கத்தில் எழுதுங்கள். முக்கில் நிற்கும் ஆட்டோக்காரர்களில் அப்பாவுக்குப் பிடித்த ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசுங்கள், பணம் நீங்களோ தம்பியோ நேராக அவருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தடவையும் பர்ஸைத் திறக்க வேண்டியிருந்தால் அப்பா கூப்பிட மாட்டார். தூரப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வரட்டும், கார் அவருடையது, அவர் முன் சீட்டில் இருக்கட்டும். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணம் கிடையாது. பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுக்கிறார். காரின் இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி 12ஆல் வகுத்து அவரிடமே காட்டுங்கள். கணக்கு அவருக்குப் பிடிக்கும்.

இந்த ஏற்பாட்டை அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோ, மற்ற நாள் கார். இந்த மாதம் கண் டாக்டர், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தக்கலை வழி அந்தப் பயணம். அந்தப் பயணம் முடிந்த பிறகு எந்தப் பக்கம் உரசியது, "எங்கேயிருந்து வந்தான்" எத்தனை தடவை வந்தது என்று எனக்கு எழுதுங்கள். தேவைப்பட்டால் நானே ஒரு நாள் கருங்கல் வந்து அவரோடு உட்கார்ந்து போய்வருகிறேன். அதற்குள் ஸ்கூட்டரை மட்டும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.